பன்னிரண்டாம் நம்பர் கம்பம்

பதினோராவது கம்பத்தோடு டெலிபோன் நின்றுவிட்டது.

கால்வாய்க் கரையோரம் மாமல்லபுரத்துக்குப் போகும் பெரிய லைனிலிருந்து பிரிந்து, சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு, உப்புத் திடலைத் தாண்டி, பதினொரு இரும்புக் கம்பங்கள் வரிசையாகக் குப்பம் வரைக்கும் வந்திருந்தன. பதினோராவது கம்பம் வச்சலா மீன் காயவைக்கும் களத்துக்கு மேற்கே இருந்தது. களத்துக்குக் கிழக்கே, டெலிபோனுக்கு மனு போட்டிருந்த கருவாட்டு வியாபாரி நைனா முகம்மதுவின் வீடு. இடையில் முந்நூறு அடி. நடுவில் இன்னும் ஒரே ஒரு கம்பம் வேண்டும். அது இல்லை.

லைன்மேன் முத்துசாமி சுருட்டிய கம்பியின்மேல் உட்கார்ந்து எஸ்டிமேட் காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். காகிதத்திலும் பதினொன்றுதான்.

இடத்தை அளக்க வந்தவர் நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்திரண்டு ஐப்பசியில், நல்ல மழையில் வந்தவர். திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. செருப்பைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. அக்கரையிலேயே குடை பிடித்து நின்று மீதித் தூரத்தைக் கண்ணால் அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டார். தண்ணீருக்கு அப்பால் இருக்கும் வீடு எப்போதுமே கிட்டத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

"தொங்கவுட்டுப் பாத்தேன் பாய்," என்றார் முத்துசாமி. "கம்பி ஆளு தலையில இடிக்குது. தலையில இடிச்சா பாஸ் ஆவாது."

நைனா முகம்மது வெயிலில் தலையைத் துடைத்துக்கொண்டார். "நாலு வருஷம் முத்துசாமி! இந்த நாலு வருஷத்துல எம் பொண்ணு ரெண்டு புள்ள பெத்துட்டா. கவர்மெண்டு ஒரு கம்பம் பெக்கல."

"இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு. இன்ஸ்பெக்டர் மூணு மணிக்கு வருவாரு. இன்னிக்குப் பாஸ் ஆவலைன்னா சாங்ஷன் செத்துப்பூடும். திரும்ப மனு போடணும்."

"திரும்ப நாலு வருஷமா?"

"அப்ப மூணுதான் ஆச்சு பாய். ஒரு வருஷம் பைல் காணாமப் போச்சு."

"சவுக்க வெட்டி நடேன்யா."

"சவுக்கு கூடாதுன்னு சர்குலர்ல தனியா ஒரு வரி கீது. காத்துல ஆடுமாம். பனைய வெட்டி இழுத்தாரதுக்குள்ள பொழுது பூடும்."

வச்சலா களத்தில் குந்தி, கொஞ்சம்போல இருந்த காரப்பொடி மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகக் கடலில் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் சடையனும் அண்ணன் தனக்கோடியும் விடியுமுன்னே போய், வெயில் ஏறும்போது வலையில் நாலு நண்டோடு வந்து சேர்ந்தார்கள். நெத்திலி ஏறட்டும், நெத்திலி ஏறட்டும் என்று குப்பமே காத்திருந்தது. பங்குனியில் அது வந்தால் இருபது நாள் நிற்கும். அந்த இருபது நாளில் காயவைப்பதுதான் ஐப்பசி கார்த்திகையில் அடுப்பு எரிய வழி.

களத்தின் ஓரத்தில் சடையனின் கட்டுமரம் கிடந்தது. கட்டுமரம் என்று ஒன்றாகக் கிடக்கவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஐந்து மரங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காயப் போடுவது வழக்கம். ஈரம் ஏறிய மரம் மறுநாள் அலையில் அமுங்கும். ஐந்தில் நீளமானது நடுமரம். முத்துசாமியின் பார்வை அதன்மேல் விழுந்து, அங்கேயே நின்றது.

"தங்கச்சி, அந்த நடுமரம் எத்தினி அடி?"

"இருவத்திநாலு. ஏன் அண்ணாத்த, பொண்ணு பாக்க வந்தியா?"

"ரெண்டே மணி நேரம் குடு. இன்ஸ்பெக்டர் வருவாரு, பாப்பாரு, கையெழுத்து போடுவாரு, பூடுவாரு. அஞ்சு மணிக்கு உன் மரம் உன் களத்துல. அடுத்த வாரம் நானே பனைய நட்டு மாத்திடறேன்."

நைனா முகம்மது குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். சடையன் வலைக்கொட்டகையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்கலாம். எழுப்பினால் வேண்டாம் என்பான். எதற்குமே முதலில் வேண்டாம் என்பதுதான் அவன் பழக்கம்.

"காயற மரம்தான," என்றாள் வச்சலா. "படுத்துக் காஞ்சா இன்னா, நின்னு காஞ்சா இன்னா? எடுத்துக்க."

மணலில் நாலடிக் குழி பறிக்க எவ்வளவு நேரம்? மரத்தை நிமிர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார்கள். கட்டுமரத்தின் மூக்கு லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு மேலே போய், நைனா முகம்மதுவின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல நின்றது. வளைவில் பீங்கான் குமிழைக் கயிற்றால் கட்டி, குமிழில் கம்பியை மாட்டினார் முத்துசாமி. டெலிபோன் வீடு போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் சாலமோன் சரியாக மூன்று மணிக்குச் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். பையில் ஒரு பதிவேடும் ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயிண்டும் வைத்திருந்தார். முதல் கம்பத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்து பன்னிரண்டில் நின்றார். எஸ்டிமேட்டைப் பார்த்தார். திரும்பிப் போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்.

"முத்துசாமி, ஒரு கம்பம் அதிகமாக இருக்கிறதே."

முத்துசாமிக்கு வியர்த்தது. கம்பம் குறைந்தால் எழுத ஒரு ஃபாரம் உண்டு. கூடினால் எழுத எந்த ஃபாரமும் கிடையாது. இருபது வருஷ சர்வீஸில் கூடி அவர் பார்த்ததே இல்லை.

"அது... முன்னமே இங்கதான் இருந்தது சார்."

அது பொய்யும் இல்லை. சாலமோன் வச்சலாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த மரம் எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது?"

"எங்க கண்ணாலத்துக்கு முன்னால இருந்தே கீது சார்," என்றாள் வச்சலா. மாமனார் காலத்து மரம். உண்மையைத்தான் சொன்னாள்.

சாலமோனின் முகம் தெளிந்தது. பதிவேட்டைத் திறந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இடத்திலேயே இருந்த பழைய மரக்கம்பம் ஒன்று. நல்ல நிலை. லைனில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.' பிறகு பெயிண்டை எடுத்து, ஒவ்வொரு கம்பத்துக்கும் நம்பர் போட்டுக்கொண்டே வந்து, நடுமரத்தின்மேல் 12 என்று எழுதினார். இரண்டின் வாலை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டார்.

டெலிபோனைச் சோதித்துப் பார்க்க நைனா முகம்மது குளித்து, அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். நாலு வருஷமாக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் தொண்டையில் திரட்டிக்கொண்டு, "ஹலோ," என்றார்.

"யார் பேசறது?" என்றது எக்ஸ்சேஞ்ச்.

"நாந்தான்."

"எந்த நாந்தான்?"

"டெலிபோன் வெச்ச நாந்தான்," என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் தோன்றாமல் ரிசீவரை முத்துசாமி கையில் கொடுத்துவிட்டார். லைன் பாஸ் ஆயிற்று.

ஐந்து மணிக்குச் சடையன் எழுந்தான். களத்தில் நாலு மரங்கள் கிடந்தன. எண்ணினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினான். பிறகு மேலே பார்த்தான்.

"இன்னாமே இது?"

"ரெண்டு மணி நேரத்துக்குக் குடுத்தேன்யா. வேல முடிஞ்சுது. எடுத்துக்க."

அவன் கயிற்றில் கை வைத்ததும், நைனா முகம்மது வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த சாலமோன் டம்ளரோடு ஓடி வந்தார்.

"அதைத் தொடக் கூடாது. லைனைப் பிடுங்கினால் ஜெயில்."

"அது எங்க அப்பன் மரம் சார்!"

"இருந்திருக்கலாம். கம்பியைச் சுமப்பது எதுவோ அது இலாகாவின் சொத்து."

"கம்பி சொமந்தா கவர்மெண்டா? அப்போ காலையிலேர்ந்து கம்பியத் தோள்ல போட்டுக்கினு திரிஞ்சாரே முத்துசாமி, அவரு?"

"அவரும் இலாகாதான்," என்றார் சாலமோன், கொஞ்சமும் கோபமில்லாமல்.

தனக்கோடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "மச்சான், நீ கொஞ்சம் தள்ளியே நில்லு. தோள்ல கீற துண்டக் கம்பின்னு நெனச்சு உன் நெஞ்சுல பதிமூணு போட்டுடப் போறாரு."

பதிவேட்டில் ஏறிய கம்பத்தை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும், மனு கொடுத்தால் பரிசீலிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, டம்ளரை வச்சலாவிடம் கொடுத்துச் சைக்கிளில் ஏறினார் சாலமோன். நைனா முகம்மதுவுக்கு அந்த மனுவைப் பற்றித் தெரியும். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடியலில் நெத்திலி ஏறிவிட்டது.

கடல் ஒரு இடத்தில் மட்டும் கறுத்து, மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. குப்பத்தில் இருந்த அத்தனை கட்டுமரங்களும் ஒரே கூச்சலோடு தண்ணீரில் இறங்கின. சடையனிடம் நாலு மரம் இருந்தது. நாலைக் கட்ட முடியாது. ஐந்தும் ஒரே ஆசாரி கையால் ஒன்றுக்கொன்று பொருத்திச் செதுக்கியவை. இன்னொருவன் நடுமரம் இதற்குள் உட்காராது. யாரிடமும் சும்மா கிடக்கும் நடுமரமும் இல்லை.

சடையன் திட்டியிருந்தால் வச்சலாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. பன்னிரண்டாம் நம்பர் கம்பத்தின் அடியில் குந்தி, கடலைப் பார்க்காமல் கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேலே கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்து அவனைப் பார்த்தது. மத்தியானம் பெண்கள் கூடை கூடையாக நெத்திலியோடு அவள் களத்தைத் தாண்டிப் போனார்கள். எல்லம்மாள் நின்று, வெறும் களத்தையும் கம்பத்தையும் பார்த்தாள்.

"இன்னா வச்சலா, இந்த வருஷம் டெலிபோனு காயப் போட்டுக்கினியா?"

வச்சலா நேராக நைனா முகம்மதுவின் கருவாட்டுக் கிடங்குக்குப் போனாள். புது லைனுக்கு ஒரு மாதம் ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. முத்துசாமி அந்தக் கிடங்கில்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தங்கியிருந்தார்.

"அண்ணாத்த, அந்த மரத்த எறக்கணும்."

"என் வேல பூடும் தங்கச்சி."

"எறக்கவே கூடாதா? எப்பவுமா?"

"பழுதுன்னா எறக்கலாம். டெலிபோன் வெச்சிருக்கறவங்க வூட்லேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கம்ப்ளெய்ண்ட் குடுக்கணும். அவங்க ரிஜிஸ்டர்ல ஏத்தி நம்பர் குடுப்பாங்க. நம்பர் வந்தா நான் எறக்கி, ரிப்பேர் பண்ணி, திரும்ப நட்டு, சரியாப் போச்சுன்னு சொல்லணும்."

"எறக்கறதுக்கும் நடறதுக்கும் நடுவுல எத்தினி நேரம் ஆவலாம்?"

முத்துசாமி யோசித்தார். அதைப் பற்றி எந்தச் சர்குலரிலும் அவர் படித்ததில்லை.

"பழுதுன்னா இன்னா?" என்றாள் வச்சலா.

"சாய்றது. வெடிக்கறது. பூச்சி அரிக்கறது. ஈரம் ஏறறது."

மறுநாள் விடியுமுன் வச்சலா நைனா முகம்மதுவின் வீட்டில் நின்றாள். அவர் அவளைப் புளி போட்டுக் கையைக் கழுவ வைத்தார். பிறகு மேலே மூடியிருந்த பின்னல் துணியை விலக்கி, டெலிபோனைக் காட்டினார். நடந்ததற்கு அவர் மனசும் சரியில்லை. அதைவிட, எல்லார் களத்திலும் நெத்திலி கிடக்கும்போது வச்சலாவின் களம் காலியாகக் கிடப்பது அவருக்கும் நல்லதில்லை. வச்சலா சுத்தமாகக் காய வைப்பாள். அவள் மூட்டையில் மணல் இருக்காது.

ரிசீவரைச் சங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எக்ஸ்சேஞ்ச்," என்றது தூக்கக் குரல் ஒன்று.

"மரம் ஈரமா கீது."

"எந்த மரம்?"

"பன்னண்டாம் நம்பர் கம்பம்."

"அங்கே மழையா?"

"இல்ல."

"பின்னே எப்படி ஈரம்?"

"அது எனுக்கு எப்பிடித் தெரியும்? நீ ஆபீசரு. ஈரமா கீது, அவ்ளோதான்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எழுதிக்கொள்கிறேன். புகார் நம்பர் ஒன்று. எப்போது சரியாகும்?"

வச்சலா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். "காத்து நல்லா கீது. பதினோரு மணிக்குள்ள சரியாய்டும்."

அவள் ரிசீவரை வைத்த அடுத்த நிமிஷம் முத்துசாமி கம்பியைக் கழற்றிப் பதினோராவது கம்பத்தில் சுற்றினார். சடையனும் தனக்கோடியும் மரத்தைச் சாய்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவசரத்தில் பீங்கான் குமிழை எடுக்க மறந்துவிட்டார்கள். அது மரத்தின் மூக்கிலேயே இருந்தது. தூண்டில் கயிறு சுற்ற வாகாக இருக்கிறதென்று தனக்கோடி சொன்னான். பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கட்டுமரம் நெத்திலியோடு கரை ஏறியது. கட்டை அவிழ்த்து நடுமரத்தைத் தூக்கி நட்டார்கள். இப்போது அது நிஜமாகவே ஈரமாக இருந்தது. முத்துசாமி கம்பியை மாட்டினார். வச்சலா கையைக் கழுவிக்கொண்டு போய், "சரியாப் போச்சு," என்றாள். "நன்றி," என்றது எக்ஸ்சேஞ்ச்.

இப்படியே நடந்தது. விடியலில் பழுது, பதினோரு மணிக்குச் சரி. நைனா முகம்மதுவுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மீன் கடலில் இருக்கும்போது டெலிபோனும் கடலில் இருந்தது. அப்போது மெட்ராஸுக்குச் சொல்ல ஒரு சேதியும் இல்லை. மீன் கரை ஏறும்போது டெலிபோனும் கரை ஏறியது. ஈரம் சொட்டும் கம்பத்தின் கீழே நெத்திலியைக் கொட்டக் கொட்ட, அவர் உள்ளே மெட்ராஸுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எந்த வியாபாரிக்கும் இப்படி ஒரு டெலிபோன் கிடையாது என்று தன் சம்சாரத்திடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு வச்சலாவுக்குப் பழுதுகள் தீர்ந்துபோயின.

"ஈரம்," என்றாள் எட்டாம் நாள்.

"ஈரம் மூன்று தடவை எழுதியாகிவிட்டது," என்றது எக்ஸ்சேஞ்ச். அந்தக் குரல் இப்போதெல்லாம் தூக்கமில்லாமல், அவளுக்காக விழித்திருப்பதுபோல இருந்தது. "வேறு ஏதாவது சொல்லுங்கள்."

"நீயே ஒண்ணு சொல்லு."

"சாய்வு?"

"முந்தாநேத்து சொல்லிட்டேன்."

"பூச்சி எழுதவே இல்லையே."

"சரி, பூச்சி."

"எத்தனை?"

"பூச்சிய எண்ணுவாங்களாய்யா?"

"சரி, 'சில' என்று போட்டுக்கொள்கிறேன்."

களம் நிறைந்தது. கால் வைக்க இடமில்லாமல், வெள்ளி வெள்ளியாக, கம்பத்தின் அடிவரைக்கும் நெத்திலி கிடந்தது. சடையன் அவளோடு பேசத் தொடங்கியிருந்தான். 'இன்னிக்கு இன்னா சீக்கு என் மரத்துக்கு?' என்று ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுத்தான் தோள் கொடுத்தான். அவன் வாயில் இருந்து அத்தனை நீளமான வாக்கியம் வருவதே அபூர்வம்.

பத்தொன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. நைனா முகம்மது உரக்கப் படித்தார். பதினேழு நாளில் பதினேழு பழுது. பன்னிரண்டாம் நம்பர் மரக்கம்பம் உபயோகத்துக்கு லாயக்கற்றது என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. நாளை மாலை லாரியில் புதிய இரும்புக் கம்பம் வரும். பழைய கம்பம் டிப்போவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்படும்.

முதல் பாதியைக் கேட்டபோது தனக்கோடி விசில் அடித்தான். கடைசி வரியில் விசில் நின்றுபோயிற்று.

"எரிக்கறதா?" என்றான் சடையன்.

முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டார். "பன்னண்டு டிப்போவுக்குப் போயே ஆவணும். போவலைன்னா நான் போவணும்."

மரத்தை மீட்கத்தான் வச்சலா பழுது சொன்னாள். சொன்ன பழுதெல்லாம் சேர்ந்து இப்போது மரத்தைச் சுடுகாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

"மாலைக்குத்தான வருது," என்றான் சடையன். "விடியல்ல போயி கடைசியா ஒரு வாட்டி வலை போட்டுட்டு வரேன்." அவ்வளவுதான் சொன்னான்.

ஆனால் லாரி மாலையில் வரவில்லை. காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. நாலு கூலியாட்கள், ஒரு இரும்புக் கம்பம், முன்னால் சாலமோன். கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருந்தது. கூலியாட்கள், குழி பறிக்கும் வேலை மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டு, இரும்புக் கம்பத்தை அதில் இறக்கிவிட்டார்கள்.

"பழைய கம்பம் எங்கே?" என்றார் சாலமோன்.

"ரிப்பேருக்குப் போயிருக்குது சார்," என்றார் முத்துசாமி.

"எங்கே?"

முத்துசாமியின் கை மெதுவாக எழுந்து கிழக்கே காட்டியது. கிழக்கே கடல்தான் இருந்தது. சாலமோன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அலைக்கு மேல் ஒரு கட்டுமரம் ஏறி, சரிந்து, மறுபடி ஏறி, கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் சடையன் காலை அகட்டி நின்றிருந்தான். இரண்டு காலுக்கும் நடுவில் கறுப்பாக 12. இரண்டின் வால் கொஞ்சம் நீளம். மூக்கில் இலாகாவின் பீங்கான் குமிழ், அதைச் சுற்றித் தூண்டில் கயிறு.

சாலமோன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது மிதக்கிறதே," என்றார்.

"அது எப்பவும் மெதக்கும் சார்," என்றாள் வச்சலா.

அவர் பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இடத்திலேயே இருந்த.' 'நல்ல நிலை.' இருபது தடவை கடலுக்குப் போன கம்பத்தைப் பற்றி மேலே எழுதினால் முதலில் கேட்பார்கள், அதைச் சேர்த்துக்கொண்டது யார் என்று. அவர் உதடு அசைந்தது. ஜெபமாகவும் இருக்கலாம்.

சடையன் கரை ஏறினான். லாரியைப் பார்த்தான். மீனை இறக்கவில்லை, கட்டை அவிழ்க்கவில்லை. கட்டுமரத்தின்மேல், நெத்திலியின்மேலேயே குப்புறப் படுத்து நடுமரத்தைக் கட்டிக்கொண்டான்.

"என்னியும் சேத்து எரிங்க."

"அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்," என்றார் சாலமோன் பரிதாபமாக. வச்சலாவின் பக்கம் திரும்பினார். "ஆனால் நான் வெறும் கையோடு போக முடியாது அம்மா. பன்னிரண்டாம் நம்பர் டிப்போவில் வரவாக வேண்டும்."

"வரவுன்னா அங்க இன்னா சார் பாப்பாங்க?" என்றாள் வச்சலா.

"நம்பரை."

"மரம் எத்தினி நீளம்னு பாக்க மாட்டாங்களா?"

சாலமோன் ஃபாரத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "நீளத்துக்குக் கட்டம் இல்லை."

"கனத்துக்கு?"

"இல்லை. பொருள், எண்ணிக்கை, நம்பர். மூன்றே கட்டம்தான்."

"அப்ப அந்த நம்பர எடுத்துக்கினு போங்க சார். மரத்த வுட்டுடுங்க."

சாலமோன் ஒரு தடவை கடலைப் பார்த்தார், ஒரு தடவை லாரியைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார். அதுதான் பதில் என்று வச்சலாவுக்குப் புரிந்தது. குடிசைக்கு ஓடி, மரம் செதுக்கும் வாச்சியை எடுத்து வந்து சடையன் கையில் கொடுத்தாள்.

அப்பன் மரத்தில் வாச்சி போட அவனுக்குக் கை வரவில்லை. இரண்டு தடவை ஓங்கி, இரண்டு தடவையும் இறக்கினான்.

"போடு மச்சான்," என்றான் தனக்கோடி. "பன்னண்டு போச்சுன்னா மரம் நம்மளுது."

மூன்றாம் தடவை போட்டான். நாலே வெட்டு. இரண்டு சாண் நீளம், விரல் கனம். 12 முழுசாக, வால் உட்பட, கழன்று வந்தது. சாலமோன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழுதினார்: 'மரக்கம்பம். ஒன்று. நம்பர் 12. பெறப்பட்டது.'

கூலியாட்கள் அந்தச் சில்லை லாரியின் நடுவில் வைத்தார்கள். ஏற்றும் சரக்கைக் கட்டாமல் போகக் கூடாது என்று டிரைவர் சொன்னதால், கம்பத்துக்கென்று கொண்டுவந்த கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். லாரி மணலில் சிக்கிக்கொண்டது. குப்பமே கூடித் தள்ளியது. எல்லாரையும்விடச் சடையன்தான் மூச்சைப் பிடித்துத் தள்ளினான்.

மறுநாள் விடியலில் சடையனும் தனக்கோடியும் யாருக்கும் எதுவும் சொல்லாமல் ஐந்து மரத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். வச்சலா களத்தில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இரும்புக் கம்பத்தின் கம்பி காற்றில் ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது. நைனா முகம்மது வாசலில் வந்து நின்று கையை ஆட்டினார்.

"வச்சலா! டெலிபோன்ல உன்னிய கேக்கறாங்க!"

கையைக் கழுவ நேரமில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி ரிசீவரை எடுத்தாள்.

"எக்ஸ்சேஞ்ச் பேசுகிறேன்," என்றது குரல், கொஞ்சம் பதற்றமாக. "ஐந்தரை மணி ஆகிறது. இன்னும் புகார் வரவில்லை. பன்னிரண்டாம் நம்பர் என்ன ஆயிற்று?"

வச்சலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கட்டுமரம் முதல் அலையைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டிவிட்டது. வாச்சி பட்ட பள்ளத்தில் சடையன் குதிகாலை ஊன்றி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. இத்தனை வருஷமாக அவன் கால் வழுக்காமல் நிற்க ஒரு இடம் அந்த மரத்தில் இருந்ததில்லை.

"அது கடல்ல கீது," என்றாள். "நல்லா கீது."

காகிதம் புரண்டது.

"எழுதிக்கொள்கிறேன்," என்றது எக்ஸ்சேஞ்ச்.